பட்டனுக்கு முன்னால் ஒரு கோல்

1

போன ஞாயிறு பகல் ஒன்றரை மணிக்கு நான் ஒளித்துப் பார்த்துப் பிடிபட்டேன். ஐம்பத்தாறு வயதில், சுவிஸில், என் சொந்தக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி, மட்டக்களப்பில் இருக்கிறவர்களிடம் பிடிபட்டேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். விசயம் ஒரு கடதாசி விளையாட்டு, சீட்டாட்டம். முன்னூற்றிநாலு. தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: நாலு பேர் இருப்பார்கள், எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் துரும்பை மறைத்து வைப்பார், எதிர்ப்பக்கம் அதை வெளியே எடுக்கப் பாடுபடும். முந்தி கையில் பிடித்து விளையாடியதை இப்போது போனிலேயே விளையாடலாம். அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது. கடதாசி தானாகக் கலைந்து தானாகப் பிரியும். களவு செய்ய வழியில்லை என்பதுதான் ஒரு குறை.

எங்கள் மேசை எட்டு வருசத்து மேசை. என் பக்கத்து ஆள் யோகன், தன்னாமுனையில் ஓட்டோ ஓடுகிறான்; நானும் அவனும் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்தவர்கள். எதிர்ப்பக்கம், ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கிற நசீரும், வந்தாறுமூலைக் கம்பஸில் அலுவலக வேலை செய்கிற ராசனும். ஞாயிறு பின்னேரம் அங்கே நாலரைக்குத் தொடங்குவோம். நசீர் அசர் தொழுதுவிட்டு வருவான், அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பாங்கு சொல்ல எழும்பிவிடுவான். இங்கே கோடையில் அது ஒரு மணி, மாரியில் பன்னிரண்டு. இந்த நாட்டுக்காரர்கள் வருசத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்பி விளையாடுவதால், ஒரு ஞாயிறு ஒரு மணித்தியாலம் முந்திப்போய்க் குந்தியிருப்பேன், இன்னொரு ஞாயிறு பிந்திப்போய் ஏச்சு வாங்குவேன். அது தவிர இந்த மேசை ஒரு நாளும் குழம்பியதில்லை.

போன ஞாயிறு காலையில் யோகன் போனில் கோல் எடுத்தான். ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கிறதாம், கை முழுக்கக் கிரீஸாம், இன்றைக்கு விட்டுவிடுவோமாம். சரியென்றேன். மனைவிக்கு ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் அன்றைக்கு முறை. மகள் தன் அறைக்குள். தனியே சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கைப்பழக்கத்தில் போனைத் திறந்தேன். யோகனின் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. நசீருக்கும் பச்சை. ராசனுக்கும் பச்சை. கீழே ஒரு பட்டன்.

என் போன் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. மொழி விளங்காமல் அமத்திவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் இருபத்தேழு வருசமாக அந்த மொழியில் ஏச்சு வாங்குகிறவன் நான். பார்வையாளராக உள்ளே போ என்று இருந்தது. விளங்கித்தான் அமத்தினேன்.

மேசை விரிந்தது. யோகனுக்கு எதிரே, என் கதிரையில், வேறொரு ஆள். பெயர் இல்லை, விருந்தினர் என்று மட்டும். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தோணி.

அந்த ஆள் விளையாடிய விளையாட்டை என்னென்று சொல்ல. யோகன் பெரிய கடதாசி போட்டு வென்று முடித்துவிட்ட பிடியை, அவன் பக்கத்து ஆளே துரும்பு போட்டு வெட்டினார். இதை நான் செய்திருந்தால் யோகன் என் பரம்பரையைத் தோண்டி வெளியே எடுத்திருப்பான். அவன் ஒரு சிரிக்கிற முகம் போட்டான். மஞ்சள் முகம், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறது. எட்டு வருசத்தில் எனக்கு அவன் அதைப் போட்டதில்லை. கிரீஸ் என்று பொய் சொன்னதுகூட அவ்வளவு சுடவில்லை. அந்த முகம் சுட்டது.

பார்க்கிறவரின் படமும் மேசையின் ஓரத்தில் வந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒருவரும் கடதாசி போடவில்லை. பிறகு ராசன் போனான். நசீர் போனான். தோணி போனது. கடைசியாக யோகன். வெறும் மேசையும், ஓரத்தில் பல் தெரியச் சிரித்தபடி என் படமும் மிச்சம்.

2

எங்கள் மேசையின் சட்டத்தைச் சொல்லாவிட்டால் நான் ஏன் இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்பது விளங்காது.

முதல் வருசம் சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குப் புதுமோகம். முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியவுடன் அழைப்புப் பட்டனை அமத்துவேன். அது மூன்று பேரின் போனிலும் சலங்கைச் சத்தத்தோடு, உங்கள் நண்பர் காத்திருக்கிறார் என்று ஒரு பெண் குரலில் கூப்பிடும். எனக்கு ஓய்வென்றால் அங்கே எல்லோருக்கும் ஓய்வு என்று ஒரு நினைப்பு. வெளிநாட்டில் இருக்கிறவனைப் பிடிக்கிற வருத்தங்களில், நோய்களில், அதுவும் ஒன்று. நசீர் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குச் சீலை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிற நேரம், சட்டைப் பைக்குள் அந்தப் பெண் கூப்பிடுவாள். "உன்ட பட்டன்ட சத்தம் என்ட பொஞ்சாதிட இருமல் மாதிரி மச்சான், எங்க ஒளிச்சு நிண்டாலும் தேடி வருது" என்பான். ராசனின் போன் அதிகாரிக்கு முன்னால் கூப்பிட்டது. இதெல்லாம் பகிடியோடு போனது.

யோகனுக்கு நடந்தது பகிடியில்லை. அவன் ஒரு செத்த வீட்டு முற்றத்தில், பெட்டி மூடப்போகிற நேரம், தலை குனிந்து நின்றிருக்கிறான். நான் அமத்தினேன்.

ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவன்தான் சட்டம் போட்டான். பட்டனுக்கு முன்னால் ஒரு கோல் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் விளையாட்டைக் கேட்கக் கூடாது. வீட்டில் சுகமா, மழையா வெயிலா என்று கேட்டு, அதன் பிறகு, கை காலியா என்று கேட்க வேண்டும். ஓம் என்றால்தான் பட்டன். ஏலாதென்றால் வாயால் ஏலாதென்று சொல்ல வேண்டும், வந்த அழைப்பைக் கிடந்து காய விடக் கூடாது. கடைசிச் சட்டமும் அவனுடையதுதான். அவன் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "ஒருத்தன்ட கதிரையில வேற ஆள இருத்துறதெண்டா முதல்ல கதிரைக்காரனுக்குச் சொல்லோணும். சொல்லாம இருத்தினா அது களவு."

இது அவன் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. நம்மட பக்கத்தில் கல்யாணக் கார்ட்டை மதிலுக்கு மேலால் போட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டார் வரமாட்டார்கள். சந்தையில் கண்டு சொன்னாலும் வரமாட்டார்கள். வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, வந்திரோணும் என்று வாயால் சொன்னால்தான் சொன்னது. எங்கள் வீட்டில் இது இன்னும் ஒரு படி கூட. வருத்தம் பார்க்கப் போவதற்கும் சொல்லியிருக்க வேண்டும். இன்னார் ஆஸ்பத்திரியில் என்று மூன்றாம் ஆளின் வாயால் கேள்விப்பட்டால், அந்த ஆளே சொல்லும்வரை தெரியாதது போல இருந்துவிடுவோம். சொல்லாத வருத்தத்தைப் போய்ப் பார்ப்பது, மூடி வைத்த பானையைத் திறந்து பார்க்கிற மாதிரி என்று அப்பா சொல்வார்.

என் மகள் அபிராமிக்கு இருபது வயது. அவளும் விளையாடுகிறவள்தான். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஐந்து நாட்டுப் பிள்ளைகளோடு கோட்டை பிடிக்கிறாள். எங்கள் சட்டத்தைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு. தமிழில் சொல் தேடித் தேடிச் சொன்னாள். "அப்பா, கேக்காமக் கோல் எடுக்கிறதுதான் மரியாதையில்ல. பட்டன் அனுப்பினா, விருப்பமெண்டா வருவாங்க, இல்லாட்டி விடுவாங்க. அதுல என்ன கோவம்?" மாட்டேன் என்பது அவமானமாகாத ஓர் உலகத்தில் அவள் இருக்கிறாள். அறைக் கதவைத் தட்டுகிறதென்றாலும் முதலில் மெசேஜ் போடட்டாம். போட்டிருக்கிறேன். ஒரே வீட்டுக்குள், பத்தடி தூரத்தில், சாப்பிட வா மகள் என்று மெசேஜ் போட்டு, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது. கோபமில்லை என்றுதான் அந்தக் கட்டைவிரலுக்கு அர்த்தமாம்.

3

தேவன் என் தம்பி. ஒரே தம்பி. வாழைச்சேனையில் கல்யாணம் முடித்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறான். ஐந்து வருசத்துக்கு முன்னால் அவனுடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். நான் பெரியப்பா. அவன் சொல்ல முதலே ஆயத்தம் செய்யத் தொடங்கிவிட்டேன். லீவுக்கு எழுதினேன். பயணப் பத்திரம் புதுப்பிக்க அலுவலகத்தில் இலக்கம் எடுத்துக் காத்திருந்தேன். அவர்கள் பிறந்த ஊரைப் பிழையாக எழுதித் தந்தார்கள். அதைத் திருத்த இன்னொரு படிவம். அந்தப் படிவத்தை ஏற்க, பழைய படிவம் பிழை என்று நான் ஒப்பமிட்டுக் கொடுத்த கடிதம். பிழை விட்டது அவர்கள், ஒப்பம் என்னுடையது.

தேவன் கோல் எடுத்துச் சொல்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது ஒரு படம். கல்யாணக் கார்ட்டைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியதை எனக்கும் அனுப்பியிருந்தான். கீழே ஒரு சொல் இல்லை. தெருவில் போகிறவனுக்கும் கூடப்பிறந்தவனுக்கும் ஒரே படம்.

நான் போகவில்லை. வாழ்த்துச் சொல்லவும் இல்லை. ஏன் வரவில்லை என்று அவனும் கேட்கவில்லை. அன்றோடு கதை நின்றது.

இந்த ஐந்து வருசமும் அதைச் சொல்லி ஆறுவதற்கு எனக்கு இருந்தது யோகன் மட்டும்தான். விளையாட்டு முடிந்து மற்ற இருவரும் போன பிறகு, கால் மணித்தியாலம் நாங்கள் கதைப்போம். தம்பியைத் திட்டுவேன். அவன் சின்னவனாக இருந்தபோது நான் செய்ததையெல்லாம் எடுத்து அடுக்குவேன். வேலையிடத்தில் பட்டதைச் சொல்வேன், மகள் கதைக்காததைச் சொல்வேன். யோகன் "ம்" கொட்டுவான். விடு மச்சான் என்பான். அந்தக் கால் மணித்தியாலத்துக்காகத்தான் நான் விளையாடினேன் என்றும் சொல்லலாம்.

போன வருசம் எனக்கு நெஞ்சில் அடைப்பு, கம்பி விட்டு எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் தந்தார்கள். அவசரமென்றால் யாருக்கு அறிவிப்பது, இரண்டு பெயர் எழுது என்றிருந்தது. முதலாவது மனைவி. இரண்டாவதாக யோகனின் பெயரையும் நம்பரையும் எழுதினேன். இவர் உனக்கு என்ன முறை என்று தாதி கேட்டாள். சகோதரன் என்றேன். நண்பன் என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த வருத்தம் ஊரில் யோகனுக்கு மட்டும்தான் சொன்னது. நசீருக்கும் ராசனுக்கும் லீவில் போகிறேன் என்றேன். தம்பிக்கு ஏன் சொல்ல வேண்டும்.

4

பிடிபட்ட அன்றைக்கே யோகனுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. ராசனும் எடுக்கவில்லை. நசீர் எடுத்தான், எடுத்துவிட்டு இருமினான். யார் அந்தத் தோணி என்று கேட்டேன். அதை யோகனிடம் கேள் என்றான். எவ்வளவு காலமாக என்றாவது சொல்லடா என்றேன். "ரெண்டு நோம்புக்கு முந்தி மச்சான்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே விளங்கி, கடைக்கு ஆள் வந்திட்டு என்று வைத்துவிட்டான்.

இரண்டு வருசம். நான் ஏதோ ஒரு நாள் என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை யோகன் எடுத்தான். நான் வேலையில். உருளைக்கிழங்கு உரித்த கையைத் துடைத்துக்கொண்டு, குப்பைப் பெட்டிகள் நிற்கிற பின்வாசலுக்குப் போனேன். நான் சுகம் கேட்கவில்லை.

"யாரடா அது?"

"தேவன்" என்றான்.

எந்தத் தேவன் என்று யோசித்தேன். ஊரில் எத்தனையோ தேவன்.

"உன்ட தம்பிதான்டா."

அவன் சொன்னது இதுதான். இரண்டு வருசத்துக்கு முன்னால் தேவன் ஓட்டோவில் ஏறி, இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்காமல் இருந்திருக்கிறான். அண்ணன் எப்படி என்று கேட்டிருக்கிறான். ஞாயிறில் விளையாடுகிறோம் என்று யோகன் சொல்ல, தானும் வரலாமா என்று கேட்டிருக்கிறான். அதிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் ஒரு மேசை. போன வெள்ளி வாழைச்சேனையில் கரண்ட் இல்லை, அதனால் ஞாயிறுக்கு மாற்றினார்கள். என்னுடைய ஞாயிறுக்கு.

"ரெண்டு வருசமா நான் அவன ஏச ஏசக் கேட்டுக்கொண்டு இருந்திருக்காய்" என்றேன். "ஒரு நாளும் வாய் திறக்கல்ல."

"திறந்திருந்தா நீ மேசைய விட்டிட்டுப் போயிருப்பாய். எனக்கு உன்னத் தெரியாதா?"

"நான் சொன்னதெல்லாம் அவனுக்குச் சொன்னியா?"

அவனுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

"சொன்னன்."

"ஆஸ்பத்திரிக் கதை?"

"அதையும்தான். மச்சான், அவனுக்குக் கடதாசி பிடிக்கவே தெரியா. நீ பாத்தாய்தானே. விளையாடவா வாறான் அவன்? ரெண்டு பிடி போட்டிட்டு, அண்ணன் என்னவாம் எண்டு கேப்பான். நான் சொல்லுவன். பிறகு ரெண்டு பிடி போடுவான்."

இந்த இடத்தில் எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். வாசிக்கிற உங்களுக்கு இளகியிருக்கும். எனக்கு இளகவில்லை. நெஞ்சுக்குள் கம்பி விட்டது தெரிந்தும் அவன் ஒரு கோல் எடுக்கவில்லையே என்றுதான் வந்தது. அதைக் கேட்டேன்.

"நீ சொல்லல்லியே" என்றான் யோகன். "மூண்டாம் ஆள்ட வாயால கேட்டத வெச்சிக்கொண்டு எப்பிடி எடுக்கிற எண்டு கேட்டான். உங்கட வீட்டுச் சட்டம் எனக்கெங்க விளங்குது."

"கதிரைக்காரனுக்குச் சொல்லோணும் எண்டு சட்டம் போட்டது நீ."

"ஓம்."

"சொல்லாட்டிக் களவு எண்டதும் நீ."

"ஓம் மச்சான். களவுதான்."

அவன் தர்க்கம் செய்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஒத்துக்கொள்கிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது. போனை வைத்தேன். பிறகு மூன்று தரம் எடுத்தான், நான் எடுக்கவில்லை.

இந்தக் கிழமை முழுக்கப் பழைய கதைகளைத்தான் மனதுக்குள் திரும்பக் கேட்டேன். அவன் கொட்டிய "ம்" ஒவ்வொன்றையும். எது எனக்காகக் கொட்டியது, எது வெள்ளிக்கிழமை கொண்டுபோய்ச் சொல்வதற்காக நினைவில் வைத்தது என்று பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு, சொல்லை நிறுத்துப் பார்க்காமல் கதைக்கிற இடம் ஒன்றோ இரண்டோதான். வேலையிடத்தில் பிழை வரும் என்று பயம். வீட்டில் மகளுக்கு விளங்காது என்று பயம். எனக்கு அந்தக் கால் மணித்தியாலம் இருந்தது. அங்கே நாங்கள் இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன். மூன்று பேர் இருந்திருக்கிறோம்.

நல்லதுக்குத்தான் செய்தான் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம். நல்லதுக்குச் செய்த களவு என்று ஒரு தனி வகை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அதற்கு வருகிற நோவும் கொஞ்சம் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

5

இன்று ஞாயிறு. காலையில் ஒருவரும் கோல் எடுக்கவில்லை.

பத்தரை மணிக்கு அபிராமி குசினிக்கு வந்தாள். நான் போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, என்ன அப்பா என்றாள். சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப அவர ப்ளொக் பண்ணுங்க" என்று பாண் துண்டோடு அறைக்குப் போனாள். அவளுக்கு அது ஒரு விநாடி வேலை.

நான் வேறொன்று யோசித்தேன். யோசித்ததை மறைக்கப் போவதில்லை. யோகன் இல்லாமல் ஒரு மேசை போடுவது. எனக்கு எதிரே தம்பி. மற்றப் பக்கம் நசீரும் ராசனும். யோகன் ஓட்டோவுக்குள் இருந்து தன் போனைத் திறந்து பார்க்கட்டும். நாங்கள் நாலு பேரும் இருப்பதை அவனும் ஓரத்தில் நின்று பார்க்கட்டும். அப்போது தெரியும்.

பதினொரு மணிக்குத் தேவனுக்குக் கோல் எடுத்தேன். நம்பர் அழியாமல்தான் இருந்தது. மூன்றாவது தரம் மணி அடிக்க எடுத்தான்.

"அண்ணன்" என்றான். ஐந்து வருசத்தில் குரல் அப்பாவினுடையதாகிவிட்டது.

வீட்டில் சுகமா என்றேன். சுகம் என்றான். மழையா என்றேன். மழையில்லை, காத்து, ரெண்டு நாளா வள்ளம் போகல்ல என்றான். மகளுக்குப் பிள்ளைகள் இருக்கா என்றேன். ரெண்டு பேர், மூத்தவன் நடக்கிறான் என்றான். எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். விழுங்கியதில் வேறொன்று வெளியே வந்தது.

"எனக்கு நெஞ்சில அடைப்பு வந்தது தேவன். போன வருசம். கம்பி விட்டு எடுத்தாங்க."

தெரிந்த ஆளுக்குத்தான் சொன்னேன். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இப்ப எப்பிடி அண்ணன்? குளிசை ஒழுங்காப் போடுறீங்களா? படி ஏறக்குள்ள மூச்சு வாங்குதா?" நிறுத்தாமல் கேட்டான். ஒரு வருசமாக வைத்திருந்த கேள்விகள் என்று விளங்கியது.

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, கை காலியா என்றேன். "பின்னேரம் விளையாட வா. நீயும் நானும் ஒரு பக்கம். நசீருக்கும் ராசனுக்கும் நான் சொல்றன்."

அவன் ஆட்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப யோகண்ணன்?"

"அவனுக்குச் சொல்லல்ல. சொல்லவும் மாட்டன்."

"அப்ப ஏலாது அண்ணன்."

"ஏன்?"

"அவருக்குச் சொல்லாம அவர்ட கதிரையில நான் எப்பிடி வந்து இரிக்கிற?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ட கதிரையில ரெண்டு வருசம் இருந்தாய்தானே. எனக்கு ஆர் சொன்ன?"

"அதாலதான் சொல்றன்" என்றான். குரல் உயரவில்லை. "அப்பிடி இரிக்கிறது என்ன மாதிரி எண்டு எனக்குத் தெரியும். இன்னொருக்கா ஏலாது. நீங்க அவருக்கு ஒரு கோல் எடுங்க. அவர் ஓம் எண்டா வாறன். நான் வீட்டதான் இரிக்கன்."

வைத்துவிட்டான். கூடப்பிறந்தவன், ஐந்து வருசத்துக்குப் பிறகு கதைத்தவன், யோகனின் பக்கம்.

அது நடந்து ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஆகிறது. யோகனுக்குக் கோல் எடுக்காமல் இருப்பதற்காகத்தான் நான் இதை எழுதத் தொடங்கினேன். அங்கே நாலரை ஆக இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறது. எழுதுவதற்கு இனி ஒன்றுமில்லை.